பூங்கன்றுக் கடை அத்தியாவசியமா? 2020–21 விண்டர் நினைவுகள்

தை பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கார்டன் சென்ரரில் விதைக்கிழங்கு வந்து இறங்கியிருக்கிறது. போன கிழமை போய் ஒரு பை வாங்கி வந்தேன். பையைக் கையில் எடுத்ததும் 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நினைவுக்கு வந்தது. அந்த விண்டரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். கொரோனா காலத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது பூங்கன்று விற்கிற கடையைப் பற்றி. சிரிக்காமல் வாசியுங்கள்.

முதலில் திகதிகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வயதில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போகிறது.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை இரவு பொரிஸ் ஜோன்சன் ரீவியில் தோன்றி எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை பூட்டப்பட்டன. கார்டன் சென்ரர்களும் பூட்டப்பட்டன. அந்தத் தொழிலுக்கு அதைவிடக் கெட்ட நேரம் வேறு இல்லை. ஈஸ்டருக்குப் பூக்க வேண்டும் என்று விண்டர் முழுவதும் கண்ணாடிக் கூடாரங்களில் வளர்த்த கன்றுகள் லொறியில் ஏறத் தயாராக இருந்தன. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் உழைப்பதை வைத்துத்தான் அவர்கள் வருடத்தை ஓட்டுவார்கள். பூத்த கன்றை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியாது. எத்தனையோ பண்ணைகளில் அவற்றைக் குப்பையில் கொட்டினார்கள். அந்த வசந்தத்தில் வெயிலுக்கு மட்டும் குறைவே இல்லை. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை பிரித்தானியாவில் மிக அதிகம் வெயிலடித்த வசந்தமாக அது இருந்தது. நாங்கள் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தோம். வேல்ஸில் மே 11ஆம் திகதியும் இங்கிலாந்தில் மே 13ஆம் திகதியும் திறந்தார்கள். அதற்குள் பருவத்தின் பாதி போய்விட்டது.

இரண்டாவது லொக்டவுன் நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை. இந்த முறை இங்கிலாந்தில் திறக்கக்கூடிய கடைகளின் பட்டியலில் கார்டன் சென்ரரையும் சேர்த்திருந்தார்கள். அதே பட்டியலின் மறுபக்கம் எங்களுக்கு மறக்காது. கோயில்களில் கூட்டு வழிபாடு கூடாது, தனித்தனியே போய்க் கும்பிடலாம் என்றார்கள். 2020இல் தீபாவளி நவம்பர் 14. பூசை இல்லாத தீபாவளி. சுவாமிக்குப் பூச் சாத்தப் போக முடியாது, பூங்கன்று வாங்கப் போகலாம். என்ன நியாயம் இது என்று அன்று நானும் ரெலிபோனில் பலரோடு சத்தம் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 20ஆம் திகதி லண்டனை நாலாம் படிக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரி 5 முதல் மூன்றாவது லொக்டவுன். உடுப்புக் கடை, புத்தகக் கடை எல்லாம் ஏப்ரல் 12 வரை பூட்டு. கார்டன் சென்ரர் மட்டும் தொடர்ந்து திறந்திருந்தது. வேல்ஸில் அதே கடைகள் மார்ச் 22 வரையும், ஸ்கொட்லாந்தில் ஏப்ரல் 5 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே வைரஸ்தான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் பூங்கன்று அத்தியாவசியம், அந்தப் பக்கம் இல்லை.

ஆக, எல்லாம் பூக்கிற வசந்தத்தில் பூட்டி வைத்தார்கள். ஒன்றுமே பூக்காத விண்டரில் திறந்து விட்டார்கள். தலைகீழாகத் தெரிந்தாலும் அதற்குக் காரணம் இருந்தது. முதல் லொக்டவுனில் தொழில்காரர்கள் பட்ட நட்டத்தை அரசாங்கம் கண்டிருந்தது. பெரிய இடம், பாதி வெட்டவெளி, காற்றோட்டம். ஆட்கள் ஒருவரை ஒருவர் முட்டாமல் நடக்கலாம். தோட்டவேலை மனதுக்கும் உடம்புக்கும் நல்லது என்ற வாதமும் எடுபட்டது.

இந்தக் கடைகளின் பழைய கதையைப் பார்த்தால் விண்டர் அவற்றுக்குப் புதிதில்லை. முந்தி இங்கே கார்டன் சென்ரர் என்று ஒன்று இருக்கவில்லை. நேர்சரிகள்தான் இருந்தன. மரக்கன்றையும் றோசாவையும் நிலத்திலே வளர்த்து, இலை கொட்டி உறங்கும் நேரத்தில் கிளப்பி, மண்ணை உதறி, வெறும் வேரோடு சாக்கிலும் வைக்கோலிலும் சுற்றி ரயிலில் அனுப்புவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரைதான் அப்படிக் கிளப்பலாம். சனங்கள் விலைப் பட்டியலைப் பார்த்து எழுதிப் போட்டு, பார்சலுக்குக் காத்திருந்தார்கள். அதாவது கன்று வியாபாரமே ஒரு காலத்தில் விண்டர் வியாபாரம்தான்.

யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து சாடியில் கன்று வளர்க்கும் முறை வந்தது. முதலில் தகரப்பேணி, பிறகு பிளாஸ்ரிக். சாடியில் நிற்கும் கன்றை எந்த மாதத்திலும் வாங்கி நடலாம், பூவைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம். 1950களின் நடுப்பகுதியில் டோர்செட்டில் ஃபெர்ண்டவுன் என்ற இடத்தில் ஸ்ருவாட் குடும்பத்தார் தொடங்கியதைத்தான் நாட்டின் முதல் கார்டன் சென்ரர்களில் ஒன்றாகச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு கார் வந்ததும் வியாபாரம் பெருகியது. பிபிசியில் தோட்ட நிகழ்ச்சி நடத்திய பெர்சி துரோவர், 1970இல் ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கடையில் பங்காளியானார். கறுப்பு வெள்ளை ரீவியில் அவரைப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வசந்தம்தான் உழைப்பு என்று ஆனபிறகு விண்டரை நிரப்ப வழி தேடினார்கள். நத்தார் மரம் வந்தது, சோடனைச் சாமான் வந்தது, கேக்கும் தேத்தண்ணியும் விற்கிற கஃபே வந்தது. படியில்லாத சமதரை, கார் நிறுத்த இடம், கழுவறை, சூடான சூப். இதெல்லாம் யாருக்கு வேண்டும்? எங்களைப் போன்ற பென்சன்காரருக்குத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அண்ணை இருந்தார். அப்போது அவருக்கு 78 வயது. கோப்பாய்ப் பக்கம் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் கிழங்கும் வைத்த குடும்பம். 1970களில் இறக்குமதியை நிறுத்தியபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நாலு காசு கண்டார்களே, அந்தக் காலத்துத் தோட்டக்காரர். 2020 ஏப்ரலில் அவருடைய மனைவி கொரோனாவில் போய்விட்டா. செத்த வீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் விடவில்லை. மகன் ரொறன்ரோவிலிருந்து போனில் பார்த்தான். அதன் பிறகு அண்ணை வாசலுக்கு வருவதும் குறைந்துவிட்டது. தோட்டம் முழுக்கப் புல் மண்டிப் போனது. ஜூன் 13ஆம் திகதி, தனியே இருப்பவர் இன்னொரு வீட்டோடு சேரலாம் என்று ‘சப்போர்ட் பபிள்’ கொண்டுவந்தார்கள். அவரை எங்கள் வீட்டோடு சேர்த்துக்கொண்டோம். சாப்பிட வருவார், சாப்பிட்டதும் எழும்பிப் போவார். கதை இல்லை.

ஜனவரியில் ஒருநாள், “அண்ணை, பறவைக்குத் தீன் வாங்கவேணும், ஒருக்கா வாங்கோ” என்று பொய் சொல்லிக் காரில் ஏற்றினேன். பத்து நிமிட ஓட்டம். இருவருக்கும் மாஸ்க். வாசலில் கைக்குத் தெளிக்கிற மருந்து, தரையில் அம்புக்குறி. கஃபேயில் கதிரைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி வாங்கி வெளியே நின்று குடிக்கலாம். அரை விலைக்கு மிஞ்சின நத்தார் சோடனைகள். வெளியே வெறும் தடியாக நிற்கும் றோசா, சாடிகளில் பனித்துளிப் பூ, பிரிம்றோஸ். அவர் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விதைக்கிழங்கு அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால்தான் நின்றார். ஒரு கிழங்கை எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் கண்ணைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இதை இஞ்ச எப்ப நடுறவை?”

பெரிய வெள்ளிக்கிழமை மட்டில் நடுவார்கள் என்றேன்.

“அப்ப முளைக்க வைக்க இப்ப சரியான நேரம்தான். இருட்டுக்கை வைக்காதை, முளை நீண்டு வெளுத்துப் போகும். எங்களுக்கு விதைக்கிழங்கு கப்பலிலை வாறது. மாரி மழை ஓயத்தான் நடுவம்.”

ஒன்பது மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். சார்லட் என்ற இனத்தில் ஒரு பை வாங்கினோம். வீட்டுக்கு வந்து முட்டைப் பெட்டிகளில் கண் மேலே பார்க்க அடுக்கி யன்னலோரம் வைத்தார். ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை லண்டனில் பனி கொட்டியது. அன்று போன் எடுத்து, “யன்னலடி குளிருது, பெட்டியளை உள்ளுக்கு எடுத்து வைச்சனான்” என்றார். அவராக எனக்குப் போன் எடுத்தது மனைவி போன பிறகு அதுதான் முதல்தடவை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. என் மகள் தாதியாக வேலை செய்கிறாள். ஜனவரி 26ஆம் திகதி இந்த நாட்டில் கொரோனாச் சாவு ஒரு லட்சத்தைத் தாண்டியதாக அறிவித்தார்கள். அந்தக் கிழமை அவள் போனில் சொன்னாள்: “அப்பா, நாங்கள் இஞ்ச மூச்சு விட நேரமில்லாமல் நிக்கிறம். நீங்கள் பூக்கண்டு வாங்கப் போறியளே?”

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் நின்று காசு வாங்கிய பிள்ளைகளும் எங்களுக்காக ஆபத்தைத் தலையில் எடுத்தவர்கள்தானே. கன்றோடு சேர்த்து மெழுகுதிரியும் கம்பளிச் சட்டையும் அங்கே விற்பனையானது. பக்கத்து உடுப்புக் கடைக்காரர் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். இதெல்லாம் நியாயம் என்று நான் வாதாட வரமாட்டேன். அதன் பிறகு பெப்ரவரி முழுக்க நாங்கள் அங்கே போகவில்லை. நடுப்பகுதிக்குள் எழுபது தாண்டிய எங்கள் இருவருக்கும் முதல் ஊசி கிடைத்துவிட்டது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். அத்தியாவசியம் என்றால் சாப்பாடும் மருந்தும் என்றுதான் முந்தி நினைத்திருந்தேன். அண்ணைக்கு இரண்டும் குறைவில்லாமல் இருந்தது. நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரிடம் இல்லாமல் போனது, வரப்போகிற ஒரு மாதத்தைப் பற்றி யோசிக்க ஒரு காரணம். கோயில் வழக்கம்போல நடந்திருந்தால் அங்கே அது கிடைத்திருக்கலாம். கஃபேயில் நாலு பேரோடு இருந்திருந்தாலும் கிடைத்திருக்கலாம். அந்த மாதத்தில் கிழங்குத் தட்டு ஒன்றுதான் திறந்திருந்தது.

2021இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 2. அண்ணை புல்லைக் கொத்திப் புரட்டி, பாத்தி கட்டி, முளையை உடைக்காமல் ஒவ்வொன்றாக நட்டார். என்னைத் தொட விடவில்லை. ஜூலையில் கிளப்பினோம். முதல் வாளிக் கிழங்கு என் மகளுக்குப் போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை; அவித்துச் சாப்பிட்டதாக மட்டும் சொன்னாள்.

அண்ணை இப்போது ரொறன்ரோவில் மகனோடு இருக்கிறார். நேற்றுப் போன் எடுத்தார். சுகம் விசாரிக்கும் முன்னமே கேட்டார்: “தம்பி, கிழங்கு அடுக்கியிட்டியே? கண் மேலை பாக்க வைச்சனியே?”

வைத்துவிட்டேன் அண்ணை.