புத்தாண்டும் உடன்படிக்கையும்

ஆண்டின் இறுதி இரவில் விளக்கெரியும் தேவாலயங்களை நம்முள் பலரும் கண்டிருப்போம். நள்ளிரவு மணி ஒலிக்குமுன் சிறிது நேரம் அங்கே பேச்சு அடங்கிவிடும். கழிந்த ஆண்டைத் தம்முள்ளே எண்ணிப் பார்ப்போரின் அமைதி அது. அவ்வழக்கம் வளர்ந்த வரலாறு எச்சமயத்தாரும் அறியத்தக்கதாகும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரையடுத்த கிங்ஸ்வுட், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். முன்பு மதுக்கடையில் இரவைக் கழித்த அவர்களுள் சிலர், ஜான் வெஸ்லியின் போதனையைக் கேட்டபின், பள்ளிக்கூடத்தில் கூடி இரவின் பெரும்பகுதியைப் பிரார்த்தனையில் கழிக்கலாயினர். இதனைத் தடுக்குமாறு வெஸ்லிக்குச் சிலர் யோசனை கூறினர். அவரோ, பண்டைக் கிறிஸ்தவர்களும் இவ்வாறே கண்விழித்தனர் என்பதை எண்ணி, தாமும் உடனிருக்க முன்வந்தார். 1740-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது இது. முழுநிலவை ஒட்டிய வெள்ளிக்கிழமையையே இதற்குத் தேர்ந்தெடுத்தனர். தொலைவிலிருந்து வருவோர் நிலவொளியில் வீடு திரும்பவேண்டுமல்லவா? நாளடைவில் இக்கண்விழிப்பு ஆண்டின் கடைசி இரவுக்கு உரியதாயிற்று.

இதனோடு இணைந்து வளர்ந்தது உடன்படிக்கை ஆராதனை. 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் திருப்பணியை இழந்தவர் ரிச்சர்ட் அலைன் என்னும் போதகர். அவர் 1663-இல் வெளியிட்ட நூலைத் துணையாகக் கொண்டு, 1755 ஆகஸ்டு 11-ஆம் நாள் லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் வெஸ்லி இவ்வாராதனையை நடத்தினார். ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று தம் இசைவைத் தெரிவித்தனர். பிற்காலத்தில் புத்தாண்டே இதற்குரிய பருவமாக நிலைபெற்றது.

ஒருமுறை அளித்த வாக்குறுதியை ஆண்டுதோறும் புதுப்பிப்பானேன்? தவறாத மனிதருக்கு அதற்குத் தேவையில்லை; தவறி எழும் நம்மனோர்க்கே அது தேவை. மேலும், நாம் தனியே செய்யும் தீர்மானம் நம் வலிமை ஒன்றையே நம்பி நிற்கிறது. பலர் நடுவே எழுந்து நின்று இறைவனிடம் தம்மை ஒப்படைப்பவரோ, தம் வலிமையின் எல்லையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறார்.

இக்கண்விழிப்பு தனிமனிதர் வாழ்வோடு நின்றுவிடவுமில்லை. அமெரிக்காவில் 1862 டிசம்பர் 31 இரவு கறுப்பின மக்கள் பலர் தேவாலயங்களில் கூடிக் காத்திருந்தனர். மறுநாள் 1863 ஜனவரி 1-இல் ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கே அது பொருந்தியது. நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிய 1865-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. ஆயினும், அவ்விரவில் அவர்கள் வேண்டி நின்ற புதுவாழ்வு, மனத்தூய்மையோடு மனித உரிமையையும் உள்ளடக்கியதாகும்.

நம் நாட்டில், மெதடிஸ்டு மரபினரும் ஆங்கிலிக்கன் மரபினரும் பிறரும் இணைந்து 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றிற்று. அதன் வழிபாட்டு முறைகளுள் உடன்படிக்கை ஆராதனையும் பின்னர் இடம்பெற்றது.

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நமக்கு, ஆண்டிறுதி சொந்த ஊரின் நினைவை மிகுவிக்கும். ஊரைவிட்டு வந்தபோது உள்ளத்தில் கொண்ட உறுதிகள் யாவை, அவற்றுள் எஞ்சியவை யாவை என்று வினவிக்கொள்ள அந்நள்ளிரவு அமைதி உதவட்டும். நிலவொளியில் வீடு திரும்பிய அச்சுரங்கத் தொழிலாளர்க்கு மறுநாளும் அதே உழைப்புத்தான் காத்திருந்தது; அதனை எதிர்கொண்ட உள்ளமே புதிது.