வளரிளம் பருவத்தினருடன் தாயின் உரையாடல் (நெய்யூர் வட்டாரம்)

வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரையிலான காலம். உடல்மாற்றம், பாலியல் நலம், கூட்டாளிகளின் வற்புறுத்தல் ஆகியவை பற்றித் தாய் பிள்ளைகளிடம் விளக்கிப் பேசுவது தமிழ்க் குடும்பங்களில் அண்மைக்கால வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூருக்குப் பெண்கல்வியும் நவீன மருத்துவமும் முன்னதாகவே வந்தன. ஆனால் இந்தப் பேச்சு அவற்றுடன் தானாக வந்துவிடவில்லை.

சடங்கு

பெண் பூப்படைந்ததும் உறவினர் கூடிச் சடங்கு செய்தனர். தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடலைத் தேற்றினர். செய்தி ஊருக்குத் தெரிந்தது. தன் உடலில் நடந்தது என்ன என்பது பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படவில்லை. அவள் கேட்டவை, எங்கே போகக்கூடாது, எதைத் தொடக்கூடாது என்ற விலக்குகளே. ஆண்பிள்ளைக்குச் சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை. அவன் அறிந்ததெல்லாம் கூட்டாளிகள் வழியாகத்தான்.

மிஷன் காலம்

லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்ல்ஸ் மீட் நெய்யூரைத் தன் பணிக்களமாகக் கொண்டார். 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கு மருத்துவப்பணியைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளில் பெண்கள் எழுதப்படிக்கக் கற்றனர். தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859-ல் நாடார் பெண்கள் மேலாடை அணியத் திருவிதாங்கூர் அரசு அனுமதி அளித்தது. உடலை மறைக்கும் உரிமை கிடைத்தது. உடலைப் பற்றிப் பேசும் சொற்கள் வீட்டுக்குள் வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

எய்ட்ஸ் காலம்

1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோர் அதைக் கண்டறிந்தனர். 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பின்னர் 'புள்ளிராஜா' விளம்பரம் தெருச் சுவர்களுக்கு வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதன் பொருளைக் கேட்டால், தாய் பதில் சொல்லவோ பேச்சை மாற்றவோ வேண்டியிருந்தது.

பள்ளியும் சட்டமும்

பள்ளிகளுக்கான வளரிளம்பருவக் கல்வித் திட்டம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய மாநிலங்களில் எதிர்ப்பு எழுந்தது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என வரையறுத்தது. குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை அதனால் தாய்க்கும் உண்டு. 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம்பருவ நலத்திட்டம், அதே வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து அவர்களையே வழிகாட்டிகளாக்கியது. தவறான தகவலின் ஊற்றாகக் கருதப்பட்ட கூட்டாளிகள் இதில் சரியான தகவலுக்கும் வழியாயினர்.

இன்றைய நிலை

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்தில் முதலிடம். மாதவிடாய் பற்றிப் பாடநூலில் படித்த தலைமுறையினர் இன்று தாய்மார்கள். மகளிடம் அதைப் பேசுவது அவர்களுக்கு எளிதாகியுள்ளது. மகனிடம் பேச, சடங்கு விட்டுச்சென்ற வழி எதுவும் இல்லை. அதைத் தாயே புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது.