பாதி சொல்லிக்கொடுத்த பாடமும் ஒரு துருப்பிடித்த குழாயும்

பதிவு கொஞ்சம் நீளம். என் பழைய மாருதி 800 வண்டியைப் பற்றியது. எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு திருத்தமும் இதில் இருக்கிறது. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். கோவில்பட்டியிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். கயத்தாறு தாண்டியதும் சூடு காட்டும் முள் மளமளவென்று ஏறியது. ஓரம் கட்டி இறங்கினால் பானெட் இடுக்கில் ஆவி, அடியில் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் சொட்டுகிறது. ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூடாக இருக்கும்போது அதைத் திறந்து முகம் வெந்துபோனவர்களை எனக்குத் தெரியும். பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்பி, வண்டியைக் கட்டி இழுத்துவரச் செய்தான். கல்யாணச் சாப்பாடு போயிற்று.

இன்ஜினை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் அதன் வழியாகத்தான் வாட்டர் பம்புக்குப் போகும். அதைக் கழற்ற அவனுக்கு அரை நாள் ஆயிற்று. கை நுழையாத இடம். போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, டீ குடித்துவிட்டு வந்து, மெல்ல மெல்லத் திருகினான். அவசரப்பட்டால் போல்ட் தலை உடைந்து வேலை மூன்று மடங்காகிவிடுமாம். வெளியே எடுத்த குழாயை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினான். அப்பளம் மாதிரி உள்ளே போனது.

“டீச்சர், கூலன்ட் ஊத்தவே மாட்டீங்களா?”

“இல்லப்பா, தண்ணிதான். வீட்டு போர் தண்ணி.”

சிரித்துவிட்டான். “எட்டாம் கிளாஸ்ல நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அதெல்லாம் பனி பெய்யிற ஊருக்காரங்களுக்குன்னு!”

சொன்னேன்தான். தண்ணீர் உறைந்தால் விரியும் என்று நடத்தும்போது, குளிர் நாடுகளில் காரின் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடித்துவிடாமல் இருக்க எத்திலீன் கிளைக்கால் கலப்பார்கள், நமக்கு அது தேவையில்லை என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. அன்றிரவு தூக்கம் வராமல், இந்தத் தண்ணீர் எப்போது காருக்குள் வந்தது என்று புத்தகங்களைப் புரட்ட உட்கார்ந்துவிட்டேன்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். போகும் சூடு அதோடு போகும். குறையக் குறைய ஊற்ற வேண்டியதுதான். 1888இல் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலேயே மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். (இந்த அம்மையார் பெயரைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.)

அடுத்த பெரிய மாற்றம் வில்ஹெல்ம் மேபாக் செய்தது. 1900ஆம் ஆண்டின் கடைசியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். 8,070 சின்னஞ்சிறு சதுரக் குழாய்கள். அவற்றுக்குள் காற்று, இடுக்குகளில் தண்ணீர். அதற்கு முன் 18 லிட்டர் தண்ணீர் கேட்ட வேலை 9 லிட்டரில் முடிந்தது. இன்றைக்கும் எல்லா ரேடியேட்டர்களிலும் அதே யோசனைதான். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

கிளைக்கால் அதற்கெல்லாம் முன்பே இருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1850களிலேயே தயாரித்துவிட்டார். காருக்கு வர 1920கள் ஆயின. அதன் கொதிநிலை 197 டிகிரி. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினுக்கு முதலில் முழுக்கக் கிளைக்காலே ஊற்றினார்கள். பிறகு 70 பங்கு தண்ணீருக்கு 30 பங்கு என்று மாற்றிக்கொண்டார்கள். ஏனென்றால் சூட்டை வாங்கிக்கொள்வதில் தண்ணீரை மிஞ்சிய திரவம் சுலபத்தில் கிடைக்காது. ஆகவே தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதில் கரைந்திருப்பவைதான் சிக்கல்.

அது நம் ஊர்க் கதை. தூத்துக்குடி உப்பளத்துக்கு உங்களைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு தங்கும். ரேடியேட்டரிலும் அதேதான். குறைந்த தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் புது ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. சுண்ணாம்பு பாத்திரத்தில் ஒட்டுவதுபோல் உள்ளே ஒட்டிக்கொள்கிறது; குளோரைடு இரும்பைத் தின்கிறது. கிளைக்காலும் தனியாக இதைத் தடுக்காது. நாளாவட்டத்தில் அதுவே அமிலமாக மாறும். கடையில் வாங்கும் கூலன்டில் துருவைத் தடுக்கும் உப்புகளும் கரிம அமிலங்களும் கலந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதும் அதைத்தான்.

ஏன் விட்டேன்? அம்பாசிடர் காலத்துப் பழக்கம். 1950களின் கடைசியில் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கிய அந்த வண்டியின் இன்ஜின் அடியும் தலையும் கனத்த வார்ப்பிரும்பு. டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் இல்லாத அம்பாசிடரை நான் பார்த்ததில்லை. மூடியைத் திற, ஊற்று, கிளம்பு. அது தாங்கியது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தபோது வண்டி மாறிவிட்டது. கேன் மட்டும் மாறவில்லை. இதன் இன்ஜின் அடி இரும்பு, தலை அலுமினியம். இரண்டு உலோகங்களை உப்புத் தண்ணீரில் வைத்தால் மின்கலம் ஆகும் என்றும் நான்தான் நடத்தினேன்! சுற்று முழுக்க அழுத்தத்தில் மூடியிருக்கிறது. மேலே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். அவ்வளவு சூட்டையும் அழுத்தத்தையும் என் குழாய் அப்பளமாகிப் போன பிறகும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் 2014இல் நின்றது. நான் நிறுத்தவில்லை, போர் தண்ணீரை.

புதுக் குழாய் மாட்டியதையும் சொல்லிவிடுகிறேன். பம்பில் குழாய் நுழையும் வாயைத் துரு போகத் தேய்த்தான். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலன்ட் தடவி நேராக அழுத்தினான். கோணலாகப் போனால் ரப்பர் அறுந்துவிடுமாம். ஹோஸ்களையும் மாற்றினோம். நல்ல தண்ணீர் விட்டு அலசியதில் ஆறாவது முறைதான் தெளிவாக வந்தது. பிறகு டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியேறும் வரை நின்றான். பழைய கூலன்டைத் தெருவில் ஊற்றக் கூடாது. இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய் நக்கினால் செத்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேனை உயரத்தில் வையுங்கள்.

சிலிண்டர் தலை வளையவில்லை. அரை கிலோமீட்டர் கூட ஓட்டியிருந்தால் வளைந்திருக்கும் என்றான். கூலி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவனிடம் சாமான் காசை மட்டும் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன்.

உங்களில் லாரி, வேன், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். நான் சொன்னதை நம்பி இத்தனை வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றியவர்கள் இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். செம்மண் நிறமாக இருந்தால் உடனே பட்டறைக்கு விடுங்கள். என்னைத் திட்டுவதென்றால் கீழே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழைய குழாயைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். வரவேற்பறை மேசை மேல்தான் இருக்கிறது. பேரன் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.