தாழப் பறந்த பஹதூர்

2019 டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. ஜோத்பூரில் மிக்-27 ரக விமானங்கள் ஏழு கடைசி முறையாகப் பறந்து இறங்கின. அத்தோடு இந்திய விமானப்படையில் அந்தக் குலம் அற்றுப்போனது. பூர்வீகம் சோவியத் நாடு. இந்தியாவில் உருவானது நாசிக் பக்கத்து ஓஜரில், ஹெச்.ஏ.எல். ஆலையில், மொத்தம் 165. இங்கே வைத்த பெயர் பஹதூர்.

நாளிதழ்கள் மரியாதையாக நாலு வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. வயதாகிவிட்டது, உதிரிபாகம் கிடைப்பதில்லை, எஞ்சின் தகராறு என்று காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். 2010-இல் சிலிகுரி அருகே ஒன்று விழுந்தபோது மற்ற அத்தனையையும் கொஞ்ச காலம் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் என் கணக்கில் இந்த விமானம் செத்தது முதுமையால் அல்ல. எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை அதற்கு இருபது வருடம் முன்பே, கார்கில் மலையில் செத்துவிட்டது.

அந்த வேலை இதுதான்: தரையில் சண்டை போடுகிற சிப்பாயின் தலைக்கு மேலே தாழ வந்து, அவனுக்கு முன்னால் நிற்கிற எதிரியை அடிப்பது. அதற்காகவே மிக்-23 என்ற சண்டை விமானத்தைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். ஆகாயச் சண்டைக்கான ரேடாரைக் கழற்றினார்கள். விமானிக்குத் தரை நன்றாகத் தெரியவேண்டும் என்று மூக்கைக் கீழ்நோக்கிச் சரித்துச் சப்பையாக்கினார்கள். கீழேயிருந்து சுடுவார்கள் என்று தெரிந்தே விமானி அறையின் பக்கவாட்டில் கவசத் தகடு வைத்தார்கள். இறக்கைகளை ஓடுபாதையில் 16 டிகிரிக்கு விரிக்கலாம், வேகமெடுக்கையில் 72 டிகிரிக்கு மடக்கலாம். வயிற்றடியில் ஆறு குழல் கொண்ட 30 மில்லிமீட்டர் பீரங்கி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 குண்டு சுடும் வேகம். கையிருப்போ சில நூறு குண்டுகள். விசையை அழுத்தினால் மூன்று நாலு நொடியில் காலி. அந்த உதையில் இறங்கு விளக்குகள் உடைந்ததுண்டு. கருவிப் பலகையே கழன்று வந்ததாகவும் கதை உண்டு. ஐரோப்பியச் சமவெளியில் டாங்கி வரிசைகள் மீது சீறிப் பாய்வதற்கென்று கணக்குப் போட்டுச் செய்த யந்திரம் அது.

அதைத்தான் 1999 மே 26 அன்று கார்கிலுக்கு அனுப்பினோம். அங்கே டாங்கியும் இல்லை, சமவெளியும் இல்லை. பதினாறாயிரம், பதினேழாயிரம் அடி உயர முகடுகளில் கல்லை அடுக்கி பங்கர் கட்டிக்கொண்டு பாகிஸ்தான் சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த உயரத்தில் காற்று மெலிவு. கடல்மட்டத்துக் கணக்கை நம்பிப் போட்ட குண்டு முகட்டைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்ற உத்தரவு வேறு. வந்த வழியே வந்து போன வழியே போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரியின் தோளில் ஸ்டிங்கர் ஏவுகணை. சமவெளியில் நிற்பவனுக்கு விமானம் தலைக்கு மேலே. மலை உச்சியில் நிற்பவனுக்கு அது கண்ணுக்கு நேரே, சில சமயம் காலுக்குக் கீழேகூட.

இரண்டாம் நாளே, மே 27 அன்று, ஃப்ளைட் லெப்டினன்ட் நச்சிகேதா ஓட்டிய மிக்-27 படாலிக் பகுதியில் விழுந்தது. ராக்கெட்டுகளை ஏவி, பீரங்கியையும் இயக்கியபோது எஞ்சின் அணைந்துபோனது. மெலிந்த காற்றில் தன் ஆயுதப் புகையைத் தானே விழுங்கி மூச்சடைத்ததுதான் காரணம் என்பார்கள். குதித்துத் தப்பியவர் சிறைப்பட்டு, ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அவரைத் தேடித் தாழப் பறந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21 ஏவுகணைக்கு இரையானது, அவர் திரும்பவில்லை. மறுநாள் தோலோலிங் அருகே ஒரு மி-17 ஹெலிகாப்டரும் நால்வரோடு வீழ்ந்தது.

மூன்று நாளில் பாடம் முடிந்தது. ஹெலிகாப்டர்களைத் தாக்குதலிலிருந்து விலக்கினார்கள். விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறின. அதற்குப்பின் அந்தப் போரின் ஆகாயம் மிராஜ்-2000 விமானத்தின் கைக்குப் போனது. லேசர் வழிகாட்டும் குண்டுகளால் அது டைகர் ஹில் மீது அடித்தது. முந்தோ தாலோவில் எதிரியின் சரக்குக் கிடங்கையே தகர்த்தது. சோறும் தோட்டாவும் நின்றுபோனால் முகட்டில் இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்? அந்த வகையில் விமானப்படை செய்தது சின்ன வேலை அல்ல. அதைச் சின்னதாக்கிப் பேசும் தரைப்படைக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் உட்கார்ந்திருப்பவனை எழுப்பி வெளியேற்ற ஆள்தான் போகவேண்டும். நச்சிகேதா விழுந்த அதே படாலிக்கில், இரண்டே நாள் கழித்து, மே 29 அன்று, திருச்சிக்காரரான மேஜர் சரவணன் பிகார் ரெஜிமென்ட் வீரர்களோடு மலையேறிப் போய் உயிர்விட்டார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தோலோலிங் ஜூன் 13-இல் கைக்கு வந்தது, டைகர் ஹில் ஜூலை 4-இல். இரண்டுமே இரவில், பாறையைப் பற்றி ஏறிய காலாட்படையால், பின்னாலிருந்து முழங்கிய போஃபர்ஸ் பீரங்கிகளின் துணையோடு. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 527 பேர். அந்த எண்ணிக்கையில் விமானப்படையின் பங்கு ஒரு கை விரல்களில் அடங்கும். ஆகாயமா தரையா என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

செத்தவரைப் பற்றி நல்லதே பேசவேண்டும் என்பது நம்மூர் வழக்கம். இந்த விஷயத்தில் முழுசாக அப்படிப் பேச முடியவில்லை. இதே மிக்-27, உக்ரைனிலிருந்து 2000-இல் இலங்கைக்குப் போனது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமானத்தளத்தில் புலிகள் நடத்திய தாக்குதலில் ஒன்று அழிந்தது. 2006-இல் இன்னும் நான்கை வாங்கினார்கள். அந்தப் பேரத்தின் கமிஷன் புகார் பல வருடம் கொழும்பு அரசியலில் புகைந்தது. டாங்கி வேட்டைக்குப் பிறந்தது வன்னியில் குண்டு போட்டது. சத்தம் கேட்டதும் முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் பிள்ளைகளை இறக்கிய சனத்துக்கு மேலே வருவது எந்த ரகம் என்று பார்க்க நேரமில்லை. குண்டுவீச்சு விமானம் என்றாலே அவர்களுக்கு, இன்னொரு ரகத்தின் பெயரான ‘கிபிர்’தான். அங்கேயும் 2009-இல் நிலத்தைப் பிடித்தது தரைப்படையே.

ஆகவே எதற்காக இந்த இரங்கல்? விமானிக்காக. தாழ வந்து, தன் கண்ணால் தரையைப் பார்த்து, கீழே நிற்கும் சிப்பாய்க்கு நேரும் ஆபத்தில் தானும் பங்கெடுத்தவன் அவன். இப்போது முப்பதாயிரம் அடியிலிருந்தோ, எங்கோ ஓர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோ அந்த வேலையைச் செய்யலாம். அது புத்திசாலித்தனம், வீணாக ஒரு விமானி சாகவேண்டாம். தாழ்வான ஆகாயம் இப்போது ட்ரோன்களின் சொத்து. காலாட்படைக்காரர்கள் அவற்றைத் தாங்களே முதுகில் சுமந்து போகிறார்கள். விமானப்படையைக் கூப்பிட்டுக் காத்திருக்கவேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது.

இந்தியாவுக்கு வெளியே கடைசியாக மிக்-27-ஐ வைத்திருந்த கஜகஸ்தான், 2023-இல் தன் பழைய சோவியத் விமானங்களோடு சேர்த்து இதையும் ஏலத்தில் விட்டது. நம்மிடம் மறைந்தவருக்குப் பங்காளி ஒருவர் மிச்சம்: ஜாகுவார். அதைப் பெற்ற பிரிட்டனும் பிரான்ஸும் எப்போதோ ஓய்வு கொடுத்துவிட்டன. நாம் மட்டும் பிரான்ஸ் கழித்துப்போட்ட ஜாகுவார்களை வரவழைத்து, உதிரிபாகத்துக்காகப் பிரித்து, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.