ஐந்து ரூபாய் வெட்டு

சென்ற வாரம் காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நண்பர் ஒருவர் தன் கைபேசியை நீட்டினார். "பாருங்க சார், நம்ம எம்.பி.க்களுக்கு சாப்பாடு பதினெட்டு ரூபாயாம். நமக்கு டீயே பதினைந்து ரூபாய் ஆகுது" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. பழைய செய்தி என்று எனக்குத் தெரியும்.

"சார், அது 2015-ஓட போச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவூலத்தில் பட்டியல்களைச் சரிபார்த்தவன் நான். ஒரு தொகையைப் பார்த்தால் அதன் பழைய கணக்கைத் தேடாமல் இருக்க முடியாது. தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கேண்டீன் கணக்கு. நாடாளுமன்ற உணவகத்தில் சைவச் சாப்பாடு 18 ரூபாயாக இருந்தது உண்மை. 2016 ஜனவரியில் அது 30 ரூபாய் ஆனது. 33 ரூபாய் அசைவச் சாப்பாடு 60 ஆனது. 2021 ஜனவரியில் மானியத்தையே அடியோடு நிறுத்திவிட்டார்கள். இதனால் ஆண்டுக்கு எட்டுக் கோடி ரூபாய் அளவுக்கு மிச்சம் என்று அப்போது செய்தி வந்தது. அந்த உணவகத்தில் சாப்பிட்டவர்கள் எம்.பி.க்கள் மட்டும் அல்ல. ஊழியர்கள், காவலர்கள், பத்திரிகையாளர்கள் எல்லோரும்தான். பெயர் மட்டும் எம்.பி.க்களுக்கு.

இனி சம்பளத்துக்கு வருவோம். 1949-ல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நாள் ஒன்றுக்கு 45 ரூபாய் படி மட்டும். அந்த ஆண்டு மே 20-ஆம் தேதி, எம்.பி.க்களின் சம்பளம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்று அரசியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவாக இருப்பது அதுதான். அன்று பேசியவர்களில் ஒருவர் நம் நீலகிரிக்காரர் வி.ஐ. முனிசாமி பிள்ளை. நாட்டின் பொருளாதார நிலையை எண்ணி, தங்கள் படியில் ஐந்து ரூபாயைக் குறைக்கத் தான் தீர்மானம் கொண்டுவந்ததைச் சபையில் குறிப்பிட்டார். 45 ரூபாய் 40 ஆனது.

அவர் ஜமீன்தார் அல்ல. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து, 1937-ல் ராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றவர். ஐந்து ரூபாயின் அருமை தெரிந்தவர்தான் அதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்.

இதைப் படித்தபோது எங்கள் அலுவலகத்துக்குப் பயணப்படி பில் அனுப்பிய ஒரு பொறியாளர் நினைவுக்கு வந்தார். முகாம் போன ஊரில் ஒரு நாள் தங்கை வீட்டில் தங்கியதால், அந்த நாளுக்குரிய படியைத் தானே அடித்துவிட்டு அனுப்பியிருந்தார். விதிப்படி அவர் வாங்கியிருக்கலாம். தொகை பன்னிரண்டு ரூபாய். அதனால் அரசுக் கஜானா நிரம்பிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவருடைய பில் வந்தால் எங்கள் மேசையில் யாரும் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில்லை.

அதற்காக எம்.பி.க்களுக்குச் சம்பளமே வேண்டாம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. இங்கிலாந்தில் 1911 வரை சாதாரண எம்.பி.க்களுக்குச் சம்பளம் கிடையாது. சொத்து உள்ளவர்களால்தான் காலம் தள்ள முடிந்தது. அங்கே தொழிலாளர்கள் 1838-லேயே வைத்த கோரிக்கைகளில் ஒன்று, உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்பது. 1911-ல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று முடிவானது. 1931 பொருளாதார நெருக்கடியில் அதைப் பத்து சதவீதம் குறைத்து 360 ஆக்கினார்கள். நிலைமை தேறியதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழை சபைக்குள் வர வேண்டும் என்றால் சம்பளம் வேண்டும். கேள்வி எவ்வளவு என்பதும், யார் முடிவு செய்வது என்பதும்தான்.

நம் நாட்டில் 1954-ல் சட்டம் வந்தது. மாதம் 400 ரூபாய் சம்பளம், கூட்ட நாட்களில் 21 ரூபாய் படி. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஓய்வூதியமும் சேர்ந்தது. ஐந்து ஆண்டு இருந்தவர்களுக்கு மாதம் 300 ரூபாய். சம்பளம் 1998-ல் 4,000, 2001-ல் 12,000, 2006-ல் 16,000 என்று ஏறியது. 2010-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று 80,001 ரூபாய் கேட்டது. அந்த ஒரு ரூபாய் எதற்கு? மத்திய அரசுச் செயலாளரின் சம்பளம் 80,000. அவரைவிட ஒரு ரூபாயாவது கூட இருக்க வேண்டுமாம்! கடைசியில் 50,000 என்று முடிவானது. 2018-ல் ஒரு லட்சம். அதோடு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை விலைவாசிக்கு ஏற்பத் தானாகவே உயரும் என்றும் விதி வந்தது. அதன்படி 2023 ஏப்ரல் முதல் 1,24,000 ரூபாய்.

எனக்கு மனம் உறுத்துவது வேறொரு ஆண்டு. 2004 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை. என் மகள் 2007-ல் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போகிறது. அதே 2004-ல்தான் எம்.பி. ஓய்வூதியத்துக்கு இத்தனை ஆண்டு பதவியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. எத்தனை நாள் இருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. இன்று அது மாதம் 31,000 ரூபாய். "அப்பா, நீங்க வாங்குற பென்ஷன் எனக்குக் கிடையாது, அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்று அவள் கேட்டாள். முப்பத்து மூன்று ஆண்டு விதிகளைப் படித்தவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018-ல் மனு தள்ளுபடியானது.

கொரோனா வந்தபோது 2020 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு எம்.பி.க்களின் சம்பளத்தில் 30 சதவீதம் குறைத்தார்கள். நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். சம்பளத்தில் 30,000, தொகுதிப் படியில் 21,000, அலுவலகச் செலவில் 6,000. ஆக மாதம் 57,000. இரு அவைகளின் 788 இடங்களுக்கும் ஓராண்டுக்குப் பார்த்தால் சுமார் 54 கோடி. நல்ல காரியம்தான். ஆனால் அதே நாளில் தொகுதி மேம்பாட்டு நிதியையும் இரண்டு ஆண்டுக்கு நிறுத்தினார்கள். உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி வீதம் இரண்டு ஆண்டுக்குச் சுமார் 7,900 கோடி. (2021 நவம்பரில் அதை இடையிலேயே மீண்டும் தொடங்கினார்கள்.) எம்.பி.யின் பையிலிருந்து வந்தது 54 கோடி. ஊர்ப் பள்ளிக்கூட அறையிலிருந்தும் குடிநீர்க் குழாயிலிருந்தும் எடுக்க முடிவு செய்தது 7,900 கோடி. தலைப்புச் செய்தியில் பெரிதாக வந்தது முதல் தொகை.

சிக்கனம் என்றால் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை 274 நாட்கள் கூடியது. கட்டடம், ஊழியர், பாதுகாப்பு, சம்பளம் எல்லாம் ஐந்து ஆண்டுக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கதவு திறந்திருந்த நாட்கள் பாதிக்கும் கீழே. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பட்டியல் வந்திருந்தால், கேண்டீன் பில்லை விட்டுவிட்டு முதலில் வருகைப் பதிவேட்டைத்தான் கேட்டிருப்போம்.

மறுநாள் பூங்காவில் நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஐந்து ரூபாய் எதுக்கு சார்? அதுவும் வெறும் பேருக்குத்தானே?" என்றார்.

தொகையைப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் அதைத் தங்கள் படியிலிருந்து தாங்களே குறைத்துக்கொண்டார்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாகிவிட்டது, நான் இன்னும் அதைத் தேடிப் படிக்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்தார். அன்றைக்கு டீக்குக் காசு கொடுத்ததும் அவர்தான்.