இரவுக்கு வேண்டிய ஒளி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் ஊர்களுள் ஒன்று உடுவில். மின்சாரம் எட்டாத காலத்தில் இத்தகைய ஊர்களில் இரவென்பது கூத்தின் காலமாக விளங்கிற்று. பொழுது சாய்ந்தபின் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நிகழும். அதற்கு முதலில் ஒளி தந்தது தீப்பந்தம்; பின்னர் வந்தது மண்ணெண்ணெய் ஆவியில் எரியும் பெற்றோமக்ஸ் விளக்கு. களரி முழுவதும் வெளிச்சமாக வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. அரசனின் முகம் தெரிந்தாற் போதும். அரண்மனையைப் பாட்டு எழுப்பிவிடும்.

சினிமா வந்தபோது இந்தச் சிக்கனம் செல்லாக்காசாயிற்று. மனிதக் கண் இருளுக்குப் பழகிக்கொள்ளும், படச்சுருள் பழகாது. விளக்கை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் ஒளி கால்பங்காகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே ஒரு வீட்டு வளவை இரவிலே படமெடுக்கப் பெரும் விளக்குகளும், மின்பிறப்பாக்கியும், அவற்றைச் சுமக்க ஆட்களும் வேண்டியிருந்தன. சென்னை ஸ்டூடியோக்களில் இவை யாவும் இருந்தன. நிலவையும் அங்கே கூரையின்கீழ் உண்டாக்கினர்.

ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கு அவ்வளவு பணம் வாய்க்கவில்லை. 1960களின் முற்பகுதியில் ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ ஆகியவற்றோடு தொடங்கிய முயற்சி, 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் ‘பொன்மணி’ எனத் தொடர்ந்தது. பிந்திய இரண்டும் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கதையாகக் கொண்டவை. பார்ப்பவரோ சென்னைப் படங்களின் பளபளப்புக்குப் பழகியவர். இரவுக் காட்சி மங்கினால் அது வறுமையாகவே அவருக்குத் தோன்றும். இரவை நீக்கிவிட்டாலோ, விடியுமுன் தொடங்கும் தோட்டத்து இறைப்பும், திருவிழாவும், கூத்தும் கதையிலிருந்து நீங்கிவிடும். சிறு முதலீட்டில் படமெடுப்போர் எதிர்நோக்கிய இக்கட்டு இதுவே.

ஸ்டூடியோ இன்றிப் படமெடுக்க முடியும் என்பதை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் வெளிவந்த ‘ரேகாவ’ என்னும் சிங்களப் படத்தால் நிலைநாட்டினார். கிராமத்திலேயே எடுக்கப்பட்ட அப்படம் அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் இடம்பெற்றது. இரவைச் சமாளிக்கவும் உலகெங்கும் பல உபாயங்கள் கையாளப்பட்டு வந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக் கண்ணாடியைக் கமராவின் முன்னிட்டுப் பகலிலே பதிவு செய்தால் நீல வானம் இருண்டு இரவாகும். ஹொலிவூட்டில் மிகுதியாக வழங்கிய இம்முறையைப் பிரெஞ்சுக்காரர் ‘அமெரிக்க இரவு’ என்றே அழைத்தனர். சூரியன் மறைந்தபின் வானில் எஞ்சும் ஒளியிலும் படமெடுக்கலாம். ஆனால் இலங்கையில் அந்த அந்தி அரைமணிக்குள் அகன்றுவிடும். ஒரே ஒரு விளக்கு உண்டாயின் அதனை நடிகரின் பின்புறம் வைப்பர். தலையும் தோளும் வெள்ளிக்கோடாகத் துலங்கும். நிலத்தை நீரால் நனைத்தால் அந்த ஒளியே தரையிலும் மின்னும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. எதனைக் காட்டவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தவருக்குக் குறைந்த ஒளியும் போதுமானது. எஞ்சியதை இருளில் விட்டுவிட அவர் அஞ்சவேண்டியதில்லை. உடுவில் போன்ற ஊர்களின் கூத்துக் கலைஞர் இதனைப் பந்த வெளிச்சத்திலேயே அறிந்திருந்தனர்.