சோதனைச்சாலைக்கு வந்த கடல்பாசி

நோன்புக் காலத்தில் இராமநாதபுரம் வட்டாரத்து இசுலாமியர் இல்லங்களில் கடல்பாசி காய்ச்சுவதை நீங்கள் அறிவீர்கள். காய்ச்சித் தட்டில் ஊற்றினால் சிறிது நேரத்தில் உறைந்துவிடும். நண்பகல் வெயிலிலும் உருகாது. இதன் பெயர் அகார். நயினார்கோவில் பள்ளியில் ‘பல்சர்க்கரை’ என்று மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அது வெறும் சொல்லாகத் தோன்றலாம். ஆனால், அவருடைய மாவட்டத்துக் கடலிலேயே விளையும் பல்சர்க்கரைதான் அகார். நோய்க் கிருமிகளை ஆராய உலகத்துக்கு வழிசெய்து கொடுத்த பொருள் அது.

ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் அறிஞர் கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க முயன்றார். அதற்குத் திடமான தளம் வேண்டும். அதற்கு எலும்பு, தோல் இவற்றிலிருந்து எடுக்கும் ஜெலாட்டினைப் பயன்படுத்தினார். இங்கே இரண்டு தொல்லைகள் எழுந்தன. மனித நோய்க் கிருமிகள் நன்கு வளர்வது நம் உடல் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியசில். அந்த வெப்பத்தில் ஜெலாட்டின் உருகிவிடும். மேலும், ஜெலாட்டின் ஒரு புரதம். பல கிருமிகள் அதைச் செரித்து நீராக்கிவிடும்.

காக்கிடம் பணியாற்றிய வால்டர் ஹெஸ் என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ் 1881இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒருவரிடம் கேட்டறிந்து, தம் சமையலில் அவர் அகாரைப் பயன்படுத்தி வந்தார். அதையே சோதனைச்சாலையிலும் பயன்படுத்தலாமே என்றார். அது பலித்தது. 1882இல் காக் வெளியிட்ட காசநோய் ஆய்வுரையில் அகார் பற்றிய சிறு குறிப்பு இருந்தது. ஹெஸ் தம்பதியின் பெயர் இல்லை.

அகாருக்கு இந்த ஆற்றல் எப்படி வந்தது? அதன் முதன்மைப் பகுதியான அகரோஸ், காலக்டோஸ் இனத்தைச் சேர்ந்த இருவகைச் சர்க்கரைகள் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலி. வெந்நீரில் சங்கிலிகள் பிரிந்து மிதக்கும். சுமார் 35 டிகிரிக்கு ஆறும்போது அவை இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலை பின்னும். வலைக்குள் நீர் சிக்கிக்கொள்ளும். ஒரு கிராம் அகார் ஏறத்தாழ நூறு கிராம் நீரைப் பிடித்துவைக்கும். மீண்டும் உருக்க 85 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். இச்சங்கிலியை வெட்டும் நொதி கடல்வாழ் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம் உண்டு. பெரும்பாலான நோய்க் கிருமிகளிடம் இல்லை. மூலக்கூறின் அமைப்பே அதன் பண்பை வகுக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகார் வரத்து நின்றது. பல நாடுகள் தத்தம் கடற்கரைகளில் அகார்ப் பாசியைத் தேடின. மண்டபத்து மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தில் பிரான்செஸ்கா திவி என்னும் பெண் அறிஞர் நம் பாசிகளை ஆராய்ந்து 1951இல் கட்டுரை எழுதினார். 1960களின் பிற்பகுதியில் வணிக அறுவடை பெருகியது.

அகார் தரும் ‘மரிக்கொழுந்து’ப் பாசியை மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் தேசியப் பூங்காவான பின்னர் அவர்களுடைய பிழைப்புக்கு நெருக்கடி வந்தது. அடியோடு பறித்தால் பாசி மீளத் தழைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாங்களே வரம்பு கட்டிக்கொண்டனர். இம்முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீக்காலஜி பரிசு கிடைத்தது.

அடுத்த முறை பாடநூலில் ‘பல்சர்க்கரை’ என்று படிக்கும்போது, ஒரு துண்டு கடல்பாசியைக் காய்ச்சி ஆறவிட்டுப் பாருங்கள். சங்கிலிகள் வலை பின்னுவதை உங்கள் தட்டிலேயே காணலாம்.